அப்பத்தாவின் கிழங்குப் பாத்தி



பொங்கலுக்கு வந்த பேத்தி பனங்கிழங்கை உரித்துக்கொண்டே, "தாத்தா, இது எதோட வேர்?" என்றாள். வேர் இல்லை, முளைத்து வரும் பனங்கன்றேதான் என்றேன். "அப்ப மரத்தையா தின்னுக்கிட்டிருக்கோம்?" என்று கேட்டுவிட்டாள். அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழிப் பக்கம் ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அப்பத்தா பொறுக்கி வந்து சுட்டுத் தருவார். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. அவற்றைக் கொல்லையில் மண்ணை மேடாகக் குவித்து நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவுவார். அப்புறம் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி இறங்கும். கன்று உருவாவது அதன் நுனியில், மண்ணுக்குள். கொட்டைக்குள் வளரும் தவுண்தான் அதற்குச் சோறு ஊட்டும். தை பிறக்கும்போது தோண்டினால் கிழங்கு, விட்டுவைத்தால் பனை. யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கைக் காயவைத்து ஒடியல் என்று வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள்.

ஆனால் எல்லாக் கொட்டையும் பாத்திக்குப் போகாது. கனமானவற்றை அப்பத்தா தனியே எடுத்து ஐயாவிடம் கொடுப்பார். அவர் கண்மாய்க் கரையில் ஊன்றிவிட்டு வருவார்.

நம் ஊர் வரலாற்றிலும் பனைக்குப் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து மாட்டுவண்டியில் கருப்பட்டி ஏற்றி வந்த நாடார் வணிகர்கள் பேட்டை போட்டு வளர்த்த ஊர்களில் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் உண்டு. (தொல்காப்பியக் கணக்கில் பனை மரமே இல்லை, புல். வைரம் வெளிப்புறம் இருப்பதால். வகுப்பில் சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா?)

ஐயா போனபின் பாத்தியை விடாமல் போட்டோம். கரையில் ஊன்றுவதை மறந்துவிட்டோம். நின்ற மரங்கள் செங்கல் சூளைக்கு லாரியில் போனபோது, பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிற வழியில் நானும் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பு 2021-இல்தான் வந்தது. அதே ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதை தருவதாகவும் சொன்னார்கள்.

ஓய்வு பெற்றபின் புத்தி வந்து, பிளாஸ்டிக் பையில் ஐம்பது கொட்டை போட்டேன். தண்டு பையின் அடியை முட்டிச் சுருண்டுகொண்டது. எடுத்து நட்டவை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அப்புறம்தான் ஐயா ஏன் கன்று வளர்க்காமல் கொட்டையாகவே ஊன்றினார் என்பது உறைத்தது. மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே, ஒரு சாண் ஆழத்தில், பத்தடி இடைவெளியில். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம். ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். எனக்கு இப்போது எழுபத்தொன்று.

இந்தப் புரட்டாசியில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கரைக்குப் போகிறோம். பேத்தி வருகிறாள். கொட்டை என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் கடப்பாரை கொண்டு வாருங்கள்.