அமிழும் ஜகார்த்தா: நகரத் திட்டமும் நிலவியலும்

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரின் வட எல்லையில், மூவாரா பாரு என்ற துறைமுகப் பகுதியில், கடலுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. சுவருக்கு அப்பால் உள்ள கடல் நீரின் மட்டத்தைவிட, இப்பால் மக்கள் நடமாடும் தெருக்கள் தாழ்ந்திருக்கின்றன. சுவருக்கு வெளியே அகப்பட்டுக்கொண்ட வால் அதுனா மசூதி, கைவிடப்பட்ட நிலையில் நீருக்குள் நிற்கிறது.

கடல் மட்டம் உயர்வது மட்டுமே இதற்குக் காரணமன்று. உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவிலேயே உயர்கிறது. ஜகார்த்தாவின் நிலமோ, ஆண்டுக்கு 1 முதல் 15 சென்டிமீட்டர் வரை தாழ்ந்து வந்துள்ளதாக, பாண்டுங் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் உதவியுடன் நடத்திய அளவீடுகள் காட்டின. நகரின் சுமார் 40 விழுக்காடு நிலப்பரப்பு கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

வண்டலின் மேல் மாநகரம்

தெற்கே உள்ள எரிமலைச் சரிவுகளில் இருந்து இறங்கிவரும் 13 ஆறுகள் ஜகார்த்தா வழியாக ஜாவாக் கடலை அடைகின்றன. அவை கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானதே இந்தச் சமவெளி. நிலவியல் கணக்கில் இது மிக இளமையான நிலம். இன்னும் முழுமையாக இறுகாதது.

1619-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கு பட்டாவியா நகரை நிறுவினர். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, நகர எல்லைக்குள் மட்டும் ஒரு கோடியே 5 லட்சம் பேர் வாழ்ந்தனர். நகரம் இவ்வாறு விரிந்த வேகத்துக்குக் குழாய் நீர் வழங்கல் ஈடுகொடுக்கவில்லை. குழாய் இணைப்பு இல்லாத குடும்பங்கள் ஆழம் குறைந்த கிணறுகளை நம்பின. தொழிற்சாலைகளும் விடுதிகளும் அங்காடி வளாகங்களும் ஆழ்குழாய்க் கிணறுகளைத் தோண்டின.

களிமண் இறுகும் விதம்

நிலத்தடியில் மணல் அடுக்குகள் நீரைத் தாங்குகின்றன. அவற்றுக்கு இடையே களிமண் அடுக்குகள் உள்ளன. துகள்களுக்கு இடையே நிறைந்திருக்கும் நீரின் அழுத்தம், மேலே உள்ள நிலத்தின் பாரத்தில் ஒரு பகுதியைச் சுமக்கிறது. மணலில் இருந்து நீரை அளவுக்கு மீறி உறிஞ்சும்போது அந்த அழுத்தம் குறைகிறது. களிமண்ணில் உள்ள நீரும் மெல்லக் கசிந்து வெளியேற, அந்த அடுக்கு நசுங்குகிறது, தரை இறங்குகிறது.

கட்டடங்களின் எடையும், இளம் மண் தானாகவே இறுகுவதும் இதற்குத் துணைசெய்கின்றன. ஒருமுறை நசுங்கிய களிமண், மறுபடியும் நீர் சேர்ந்தாலும் பெரும்பாலும் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. எனவே இழந்த உயரம் நிலையான இழப்பாகும்.

நிலம் எங்கும் ஒரே சீராக இறங்குவதுமில்லை. சுவர்கள் வெடிக்கின்றன, வடிகால்களின் சரிவு மாறுகிறது, கடலுக்குத் தானாக ஓடிய நீரை இயந்திரங்களால் இறைக்க வேண்டியதாகிறது. 2007 பிப்ரவரியில் பெருமழை நகரின் பெரும்பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் உயர் அலை வட ஜகார்த்தாவுக்குள் புகுந்தது.

டோக்கியோ கற்ற பாடம்

இத்தகைய நிலத்தாழ்வைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதற்குச் சான்று டோக்கியோ. அதன் கிழக்கே தொழிற்சாலைகள் நிறைந்த கோத்தோ பகுதி, 20-ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஜப்பான் 1956-இல் தொழிற்சாலைகளும், 1962-இல் பெரிய கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. தடையோடு நில்லாமல், தொழிற்சாலைகளுக்கு மாற்று நீரும் குழாய் வழியே வழங்கப்பட்டது. 1970-களில் தாழ்வு பெரிதும் தணிந்தது. ஆயினும் தாழ்ந்த பகுதிகள் இன்றும் அணைகரைகளையும் நீரேற்று நிலையங்களையும் நம்பியே இருக்கின்றன.

பாங்காக்கும் இவ்வழியில் சென்றது. 1980-களின் தொடக்கத்தில் அங்கு சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு சுமார் 12 சென்டிமீட்டர் தாழ்ந்தது. 1977-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டமும், பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்ட கட்டணமும், குழாய் நீர் விரிவாக்கமும் சேர்ந்து அந்த வேகத்தை 1 முதல் 2 சென்டிமீட்டராகக் குறைத்தன.

சுவரா, இடமாற்றமா?

இந்தோனேசிய அரசு 2019-இல் தலைநகரைப் போர்னியோ தீவில் உள்ள கிழக்குக் கலிமந்தானுக்கு மாற்றும் முடிவை அறிவித்தது. நுசந்தாரா என்ற அந்தப் புதிய நகருக்கான சட்டம் 2022-இல் நிறைவேறியது. அதிபர் பிரபோவோ சுபியாந்தோவோ, ஜாவாவின் வட கடலோரத்தில் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருஞ்சுவர் எழுப்பும் திட்டத்தை 2025-இல் வலியுறுத்தினார். அதன் செலவு 8,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கூறப்பட்டது.

அலுவலகங்கள் இடம்பெயரலாம், ஒரு கோடி மக்கள் இடம்பெயர இயலாது. சுவர் கடலைத் தடுக்கலாம். அதன் உட்புறத்து நிலம் இறங்குவதைத் தடுக்காது. சுவரின் அடித்தளமும் அதே வண்டலின் மீதுதான் அமைய வேண்டும்.

நோயின் காரணத்தைத் தொடும் நடவடிக்கை, 2021-ஆம் ஆண்டின் மாநகர ஆணையாகும். அதன்படி, குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுப்பதற்கான தடை 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் டோக்கியோ காட்டியதுபோல், மாற்று நீர் இல்லாத தடை நிலைக்காது. குழாய் நீர் எட்டாத குடிசைப் பகுதிகளில் கிணறுகளை மூடச் சொன்னால், சுமை முழுவதும் ஏழைகளின் மீதே விழும்.

விரைந்து வளரும் நகரங்களுக்கு ஜகார்த்தா விடுக்கும் எச்சரிக்கை இதுவே. எங்கே களிமண், எங்கே பாறை, எந்த அடுக்கில் எவ்வளவு நீர் என்பதைக் காட்டும் நிலவியல் வரைபடம், சாலைக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வழங்குவதற்கு முன்பே திட்டமிடுவோர் கையில் இருக்க வேண்டும். வளர்ந்து முடிந்த பின் அதைப் புரட்டிப் பார்க்கும் நகரம், தாழ்வை நிறுத்தலாமே தவிர, இழந்த உயரத்தை மீட்க முடியாது.