நஞ்சு என்று பெயர் வைத்தது யார்?

எங்க ஆயா சேரிக்கு மட்டுமல்ல, ஊர்த்தெருவுக்கும் பிள்ளை பார்த்தவள். வலி கண்டால் நடுராத்திரியில் ஆள் வரும். ஊர்த்தெரு வீடுகளில் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே போகணும். பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, நஞ்சு விழும்வரை காத்திருந்து, அதையும் ரத்தத் துணியையும் அள்ளிப் புதைப்பதுவரை அவள் வேலை. மாடு கன்று போட்டால் அதன் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள், பால் பெருகும் என்று. பெண் பெற்றால் அதுவே தீட்டு. அந்தத் தீட்டைத் தொடத்தான் எங்க ஆயா.

ஆனால் அவள் சும்மா புதைக்கமாட்டாள். விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். "துண்டு உள்ள நின்னுச்சுன்னா ரத்தம் நிக்காதுடா" என்பாள். சில நஞ்சைப் பார்த்தால் அவள் முகம் மாறிவிடுமாம். "சின்னதா, வெள்ள வெள்ளயா கட்டி தட்டிக் கெடக்கும். அந்தப் பொண்ணுங்களுக்கு மொகமெல்லாம் வீங்கியிருக்கும்."

அவள் மகள், என் அத்தை, தலைப்பிள்ளைக்கு எட்டாம் மாசத்தில் அப்படி வீங்கி, ஜன்னி கண்டு செத்தாள். நான் பிறக்கும் முன்பு நடந்தது. காத்து கருப்பு என்றார்கள். ஆயா மட்டும் கடைசிவரை ஒன்றையே சொன்னாள்: "அவ நஞ்சயும் நாந்தான் பாத்தேன். அதே வெள்ளக் கட்டி."

அந்த வெள்ளைக் கட்டி என்ன என்று தேடிப்போனதில் எழுதியது இது.

1774-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் கர்ப்பப்பை பற்றி 34 படங்களோடு ஒரு பெரிய புத்தகம் போட்டார். பேறுகாலத்தில் செத்த பெண்களை அறுத்துப் பார்த்து வரைந்த படங்கள். வரைந்தவர் பெயர் தெரியும், யான் வான் ரிம்ஸ்டைக். அச்சிட்டவர் பெயர் தெரியும், பாஸ்கர்வில். அறுக்கப்பட்ட பெண்களின் பெயர் மட்டும் இல்லை. நஞ்சின் ரத்த ஓட்டத்தை முதலில் கண்டது யார் என்று 1780-ல் அண்ணன் வில்லியமும் தம்பி ஜானும் சண்டை போட்டுக்கொண்டார்கள். செத்தவளுக்கு அதில் பங்கு இல்லை. 1832-ல் இங்கிலாந்தில் சட்டமே வந்தது: ஏழை விடுதியில் செத்து, கேட்க நாதியில்லாத பிணத்தை அறுக்கக் கொடுக்கலாம். யார் உடம்பில் படித்த படிப்பு என்று இதிலிருந்தே தெரியும்.

1843-ல் லீவர் என்ற மருத்துவர் ஜன்னி கண்ட கர்ப்பிணிகளின் மூத்திரத்தில் புரதம் இருப்பதைக் கண்டார். நம்ம ஆட்கள் 'உப்பு இறங்குது' என்பது இதைத்தான். ரத்தத்தில் ஏதோ நஞ்சு கலக்கிறது என்று நினைத்து, நோய்க்கே 'டாக்சீமியா', அதாவது நஞ்சு ரத்தம், என்று பெயர் வைத்தார்கள். நாம் உறுப்புக்கு நஞ்சு என்றோம். அவர்கள் நோய்க்கு நஞ்சு என்றார்கள்.

எடின்பரோவின் ஜேம்ஸ் யங் 1914-ல் நஞ்சையே கையில் எடுத்துப் பார்த்தார். ரத்தம் எட்டாமல் செத்துப்போன திட்டுகள் அதில் இருந்தன. முதலில் கருஞ்சிவப்பு, நாளாக நாளாக வெளுத்துக் கட்டியாகும். 'இன்ஃபார்க்ட்' என்பது இதன் பெயர். ஆயா சொன்ன வெள்ளைக் கட்டி! நிறைமாத நஞ்சின் ஓரத்தில் ஒன்றிரண்டு இருப்பதும், சுண்ணாம்பு போல நறநறப்பதும் சாதாரணம். நஞ்சு சிறுத்து, நடுவிலும் கட்டிகள் நிறைந்தால்தான் ஆபத்து. பிள்ளை இல்லாமல் நஞ்சு மட்டும் வளரும் முத்துப்பிள்ளை கர்ப்பத்திலும் இந்த நோய் வருகிறது. அப்படியானால் நோயின் வேர் பிள்ளையில் இல்லை, நஞ்சில் இருக்கிறது.

1940-களில் மைக்ராஸ்கோப்பில் இன்னும் தெரிந்தது. நஞ்சின் மெல்லிய விரல்களின் மேல்தோலில் உட்கருக்கள் முடிச்சு முடிச்சாகக் கூடிக் கிடந்தன. தாயின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பேறிய நுரை போன்ற செல்கள் அடைத்திருந்தன. காரணம் 1960-களில் பிரோசன்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆராய்ச்சியில் பிடிபட்டது. கர்ப்பத்தில் கர்ப்பப்பையின் சுருள் ரத்தக்குழாய்கள் வாய்க்கால் போல அகலவேண்டும். இந்த நோயில் பல குழாய்கள் அகலாமல் குறுகியே நிற்கின்றன. நஞ்சு பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் நஞ்சு ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் விடுகிறது என்பது 2003-ல் தெரிந்தது. அதனால் ரத்த அழுத்தம் ஏறி, உப்பு இறங்கி, கடைசியில் ஜன்னி.

ஆக, நஞ்சு நஞ்சாகப் பிறக்கவில்லை. ரத்தம் கிடைக்காமல் நஞ்சானது.

இந்தக் காலமெல்லாம் இங்கே என்ன நடந்தது? 1903-ல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கர்சன் சீமாட்டி ஒரு நிதி தொடங்கினார். அழுக்குக் கை, அறியாமை என்று மருத்துவச்சியைத் திட்டி வெள்ளைக்காரரும் எழுதினார்கள், நம்மூர்ச் சீர்திருத்தக்காரரும் எழுதினார்கள். அழுக்கால் காய்ச்சல் வந்தது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைப்பேற்றையே தீட்டாக்கி, அதைத் தீண்டப்படாதவள் தலையில் கட்டி, அவளுக்கு எழுத்தையும் மறுத்தது யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? யங் பார்த்தது பத்திரிகையில் ஏறியது. ஆயா பார்த்தது குழியில் போனது.

மக்னீசியம் சல்பேட் ஊசி ஜன்னி வருவதைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் நிரூபித்தது. விலை மலிந்த மருந்து. பிரஷர் பார்க்கும் பட்டையும், மூத்திரப் பரிசோதனையும், இந்த ஊசியும் வேளைக்குக் கிடைத்திருந்தால் அத்தை பிழைத்திருக்கக்கூடும். வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் கண்டால் மந்திரிக்கப் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இன்று நஞ்சு ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் போகிறது. அதைத் தூக்குகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் சேரியில் பிள்ளை பார்த்த கிழவி யாராவது உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எங்க ஆயாவிடம் நான் கேட்டது கொஞ்சம்தான்.