நிர்மால்யம் (மலையாளத் திரைப்படம்)

நிர்மால்யம், 1973-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம். எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் இயக்கிய முதல் படம். 'பள்ளிவாளும் கால்சிலம்பும்' என்ற தன் சிறுகதையையே அவர் திரைக்கதையாக விரித்தெழுதினார். இறைவனுக்குச் சாத்தி, மறுநாள் களையப்படும் மலரும் சந்தனமும் நிர்மால்யம் எனப்படும்.

பின்னணி

கேரளத்துப் பகவதி கோயில்களில் அருள் வந்து ஆடி வாக்குச் சொல்பவர் வெளிச்சப்பாடு. தமிழகத்துச் சாமியாடியுடன் ஒப்பிடத்தக்கவர். செம்பட்டு உடுத்து, சிலம்பும் பள்ளிவாளும் ஏந்தி, வெறியாட்டின் உச்சத்தில் வாளால் நெற்றியை வெட்டிக்கொள்வார். இவர்களையும் பூசகர்களையும் கோயிலுக்கு வந்த நெல்லே காத்தது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நிலக்குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. நிலமற்ற உழவர்களுக்கு அது விடுதலை. குத்தகை நெல்லை நம்பியிருந்த சிறு கோயில்களுக்கோ அன்றாடப் பூசையே கடினமாயிற்று. படம் வந்தது இந்தக் காலத்தில்.

கதை

ஊர் கைவிட்ட கோயில் ஒன்றின் வெளிச்சப்பாடு, பக்கவாதத்தில் கிடக்கும் தந்தை, மனைவி நாராயணி, பிள்ளைகள் ஆகியோருடன் வறுமையில் வாழ்கிறார். வருமானமில்லாத பூசகர் வேலையை விட்டுவிட்டுத் தேநீர்க்கடை வைக்கிறார். புதிதாக வரும் இளம் நம்பூதிரி, வெளிச்சப்பாட்டின் மகள் அம்மிணியுடன் பழகிவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறான். வேலையில்லாத மகன் அப்பு பள்ளிவாளையே பழைய உலோகமாக விற்க முயல, தந்தை அவனை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். தேவியின் வாளா, மகனா என்ற கேள்வி எழும்போது அவர் வாளின் பக்கமே நிற்கிறார்.

ஊரில் பெரியம்மை பரவுகிறது. அதுவரை கோயிலைத் திரும்பிப் பாராதவர்கள் தேவியின் கோபம் தணியத் திருவிழா எடுக்க முன்வருகிறார்கள். வெளிச்சப்பாடு மகிழ்ந்து அலைகிறார். விழா நாளில், கடன் கொடுத்திருந்த இஸ்லாமிய வணிகர் தன் வீட்டிலிருந்து வெளியேறுவதைக் காண்கிறார். நீங்கள் தேவியே கதியென்று கிடந்தபோது வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி என்பதே நாராயணியின் பதிலின் பொருள். அவர் கோயிலுக்குச் சென்று ஆடி, நெற்றியை வெட்டி, வாயில் வழிந்த குருதியைத் தேவியின் முகத்தில் உமிழ்ந்து விழுந்து இறக்கிறார்.

இதை நாத்திகப் படம் என்று சொல்வது மேலோட்டமான வாசிப்பு. தெய்வத்தை நம்பாதவனுக்கு அதன் முகத்தில் உமிழ வேண்டிய தேவை இல்லை. வணிகரையும் படம் வில்லனாக்கவில்லை. பட்டினியை அறிந்தும் பேசாதிருந்த ஊர்தான் இதில் குற்றவாளி.

கலைஞர்கள்

வெளிச்சப்பாடாக நாடகக் கலைஞர் பி.ஜே. ஆன்டனியும் நாராயணியாகக் கவியூர் பொன்னம்மாவும் நடித்தனர். அம்மிணியாக நடித்த சுமித்ரா பின்னர் தமிழில் 'புவனா ஒரு கேள்விக்குறி' போன்ற படங்களில் நடித்தார். அப்புவாக சுகுமாரன் அறிமுகமானார். ஒளிப்பதிவாளர் ராமச்சந்திர பாபு மதுராந்தகத்தில் பிறந்தவர்.

சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது முந்தைய ஆண்டு 'சுயம்வரம்' படத்துக்குக் கிடைத்திருந்தது. 1973-க்கான விருது நிர்மால்யத்துக்குக் கிடைத்தது. மலையாளப் படத்துக்காகச் சிறந்த நடிகர் தேசிய விருது பெற்ற முதல் நடிகர் ஆன்டனிதான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் பகவதியின் வெளிச்சப்பாடாக நடித்ததையோ, உமிழும் காட்சியையோ அன்று பெரும் சர்ச்சையாக்கவில்லை. அப்படியொரு முடிவுடன் இன்று படமெடுக்க இயலாது என்று எம்.டி. பிற்காலத்தில் கூறியதுண்டு.