எடோ நகரத்தின் திரும்பு சரக்கு

ஜப்பானின் ராணுவ ஆட்சியாளர்களான ஷோகுன்களின் ஆட்சிபீடமாக 1603 முதல் விளங்கி, 1868-ல் தோக்கியோ என்று நாமகரணம் பெற்ற எடோ மாநகரம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 10 லட்சம் ஜனங்களைக் கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டிய முள்ளங்கியும் கத்தரிக்காயும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து இறங்கின என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உண்டவர்களின் மலம் உரமாக அக்கிராமங்களுக்கே திரும்பிச் சென்றது என்பதும், குடியானவர்கள் அதைக் காசுக்கோ காய்கறிக்கோ விலைபேசி வாங்கினார்கள் என்பதுமே சிந்தனைக்குரிய விஷயம். மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வாசகர்கள், அது அந்தக் காலத்தில் கௌரவமான வியாபாரச் சரக்காகவே மதிக்கப்பட்டது என்பதைச் சற்று நினைவில் கொள்வார்களாக.

'நகாயா' எனப்பட்ட வரிசை வீடுகளில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடம் இருக்கும். தோள்தண்டின் இரு முனைகளிலும் மரவாளிகள் தொங்க வரும் குடியானவன் அங்கே சேர்ந்ததை மொண்டு கொண்டு போவான். தூர கிராமங்களுக்குப் படகுகள் உண்டு. வருமானம் வீட்டுக்காரரைச் சேர்ந்தது. நல்ல ஆகாரம் உண்ணும் பிரபுக்களின் மாளிகைச் சரக்குக்கு விலை அதிகம்! ஒஸாகாவிலோ மலம் வீட்டுக்காரருக்கும் மூத்திரம் குடித்தனக்காரருக்கும் என்று பாத்தியதை பிரிந்திருந்தது. குடியிருப்போர் தொகை குறைந்தால் சரக்கும் குறையுமாதலால், வாடகை ஏறியதும் உண்டு. அந்நகரத்தில் சேகரிக்கும் உரிமைக்காக 1724-ல் இரண்டு கிராமத் தொகுதிகள் சச்சரவிட்டுக்கொண்டன. நூற்றாண்டின் இறுதியில் எடோவில் விலை பொறுக்கமுடியாமல் ஏறவே, கிராமத்தார் ஒன்றுகூடி, அதைக் குறைக்கும்படி அரசாங்கத்திடம் விண்ணப்பம் செய்துகொண்டார்கள்.