டெட்ராய்ட் டையும் பிளேடு பிடித்த கையும்: அமெரிக்க மாடல் கார்க் கலையின் வளர்ச்சி

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கார் செய்வது அமெரிக்காவில் 1950களின் இறுதியில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது. விளக்கத்தாளில் சொன்னபடி ஒட்டி முடிப்பதோடு பலர் நிற்கவில்லை. கூரையைத் தாழ்த்தினார்கள், கதவுக் கைப்பிடியைத் தேய்த்து மறைத்தார்கள், வேறொரு பெட்டியின் இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். கம்பெனி விற்ற வண்டியை விட்டு விலகித் தன் வண்டியைச் செய்துகொள்வதுதான் இந்தக் கலையின் உயிர். பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைத்த கலிபோர்னியாவின் ‘ஹாட் ராட்’ இளைஞர்களைப் பார்த்துச் சிறுவர்கள் செய்தது இது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சான ‘டை’க்கு டெட்ராய்ட் நகரில் ஆன செலவுக் கணக்கில் இருக்கிறது. டைக்குப் போட்ட பணத்தை மீட்கத் தொழிற்சாலை வகுத்த வழி ஒரு கைவினைக்கு எப்படி இடம் கொடுத்தது, அந்தத் தொழிற்சாலை காப்பாற்றாமல் விட்டதை அந்தக் கைவினை பிறகு எப்படிக் காப்பாற்றியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நெப்போலியன் வண்டியிலிருந்து கனவுக் கார்வரை

பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே அமெரிக்கச் சிறுவர்கள் வண்டி மாதிரிகள் செய்துகொண்டிருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பாடி கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி 1930இல் ‘கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு’ என்ற பெயரில் ஒரு போட்டியைத் தொடங்கியது. நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி அந்நிறுவனத்தின் சின்னம். அதை வரைபடத்தில் உள்ளபடி சிறிதாகச் செய்து அனுப்ப வேண்டும். சக்கரத்தின் ஆரக்கால்கள், இருக்கையின் மெத்தை, வெளிப்புற உலோக அலங்காரம் எல்லாம் போட்டியாளர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். பரிசு, கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை.

இங்கே சோதிக்கப்பட்டது கற்பனை அல்ல, துல்லியம். 1937இல் இன்னொரு பிரிவு சேர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. சிறுவர்கள் தாங்களே வடிவமைத்த காரை மரத்திலோ பிளாஸ்டர் வார்ப்பிலோ செய்து அனுப்பலாம் என்றானது. போருக்குப் பிறகு குதிரை வண்டி விலக்கப்பட்டு, 1:12 அளவிலான கனவுக் கார் மட்டுமே போட்டியாயிற்று. 1947இல் முதற்பரிசு வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். நிறுவனம் இதை ஆள் தேடும் களமாகவே பார்த்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1968வரை நடந்த இந்தப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. பின்னர் வந்த கிட் தொழிலும் பெட்டிப் படத்திலும் விளம்பரத்திலும் பெரும்பாலும் பையன்களையே காட்டி அதே கோட்டைத் தொடர்ந்தது. திறமையில் பாதியைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்திய இழப்பு இந்த வரலாற்றில் எளிதாகக் கடந்துபோகக் கூடியதல்ல.

விளம்பரப் பொம்மையின் பொருளாதாரம்

போர் முடிந்ததும் கார் வியாபாரம் சூடுபிடித்தது. ஷோரூமுக்கு அப்பாவோடு வரும் மகன் கையில் புதிய காரின் சிறு வடிவத்தைக் கொடுத்தால், அந்தக் காரைப் பற்றிய பேச்சு வீடுவரை போகும் என்று விற்பனையாளர்கள் கண்டுகொண்டார்கள். வெஸ்ட் கேலோக்லி என்ற வழக்கறிஞர் 1948இல் டெட்ராய்ட் பகுதியில் ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபோர்டு காரை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டின் அசல் நிறங்களையே அது பூசித் தந்தது. விரைவில் பிளாஸ்டிக்குக்கு மாறியதும் அலுமினியம் என்ற பெயர் பொருந்தாமல் போய், ஏஎம்டி என்று சுருங்கியது. அதே ஊரில் ஜான் ஹேன்லியின் ஜோ-ஹான் நிறுவனமும், மில்வாக்கியில் புராடக்ட் மினியேச்சர் கம்பெனியும் இதே தொழிலில் இருந்தன.

பெரும்பாலும் 1:25 அளவில் வந்த இந்தப் பொம்மைகள், புதிய கார் ஷோரூமுக்கு வரும் இலையுதிர் காலத்தில் தாமும் தயாராக இருந்தாக வேண்டும். அதனால் கார் வெளிவருவதற்கு முன்பே அதன் வரைபடங்கள் மாடல் கம்பெனியின் கைக்கு வந்துவிடும். கார் வடிவம் ஆண்டுதோறும் மாறியதால் டையும் ஆண்டுதோறும் மாற வேண்டியிருந்தது. கார் பாடியை ஒரே துண்டாக வார்ப்பதற்குக் கூரை, இரு பக்கம், முன், பின் என்று தனித்தனியாக நகரும் எஃகுத் துண்டுகள் கூடிய டை வேண்டும். அதை வெட்டுவது பெருஞ்செலவு. அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் மட்கார்டின் மேலும் கூரையின் ஓரத்திலும் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதுதான் இன்றும் மாடல் செய்பவரின் முதல் வேலை.

கார் கம்பெனி கேட்ட எண்ணிக்கையை அடித்துக் கொடுத்த பிறகு அந்த டைக்கு வேலை இல்லை. 1958இல் ஏஎம்டி அதற்கு வேலை கொடுத்தது. அதே பாடியை, எளிதில் ஒட்டக்கூடிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்து, பாகங்களை ஒட்டாமல் பெட்டியில் போட்டு, கூடவே மாற்றுப் பாகங்களையும் வைத்தது. ஷோரூமில் இருப்பதுபோலச் செய்யலாம், அலங்கரித்துச் செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம். ‘மூன்று ஒன்றில்’ என்று விற்கப்பட்ட அந்தப் பெட்டியின் விலை ஏறத்தாழ ஒன்றரை டாலர்.

அந்தக் கிட்டுகளின் பிறப்பு அவற்றின் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. விளம்பரப் பொம்மை தரையில் உருள வேண்டும் என்பதற்காக அதன் அச்சு ஒரே நேரான உலோகக் கம்பியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். பிறகு கிட்டில் இன்ஜின் சேர்ந்தபோதும் அந்தக் கம்பி இடம் மாறவில்லை. இன்ஜினுக்குள்ளேயே துளை விட்டு அதன் வழியாகக் கம்பியை நுழைத்தார்கள். உண்மையான எந்தக் காரிலும் இப்படி ஒரு அமைப்பு கிடையாது. நுணுக்கமாகச் செய்ய விரும்பியவர்கள் அந்தத் துளையைப் பட்டி வைத்து அடைத்து, சஸ்பென்ஷனைத் தாங்களே கட்டினார்கள். கம்பெனி எண்ணிப் பார்த்த மூன்று வழிகளுக்கு வெளியே மாடல் செய்பவரின் கை போனது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

கலிபோர்னியா வந்து சேர்தல்

1959இல் ஏஎம்டி 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரைக் கிட்டாக வெளியிட்டது. இருபத்தேழு ஆண்டு பழைய அந்தக் காருக்கு எந்த ஷோரூமும் விளம்பரப் பொம்மை கேட்கவில்லை. அதற்கான டை மாடல் செய்பவர்களை நம்பியே வெட்டப்பட்டது. கிட் தொழில் விளம்பரத் தொழிலின் நிழலை விட்டு வெளியே வந்தது இந்தப் பெட்டியோடுதான் என்பது என் கருத்து.

அந்த ஃபோர்டை ஹாட் ராடாக மாற்றும் பழக்கம் கலிபோர்னியாவில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்கள் மெர்குரி கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்திப் புகழ்பெற்றிருந்தார்கள். கிட் கம்பெனிகள் இத்தகைய பட்டறைக்காரர்களை ஆலோசகர்களாகச் சேர்த்துக்கொண்டன. ஏஎம்டி பாரிஸோடும், மோனோகிராம் டாரில் ஸ்டார்பேர்டோடும், ரெவெல் எட் ராத்தோடும் இணைந்தன. ராத்தின் குமிழ்க் கூரை ‘பீட்னிக் பேண்டிட்’ 1963இல் ரெவெல் கிட்டாகக் கடைக்கு வந்தது. 1968இல் மேட்டல் வெளியிட்ட முதல் பதினாறு ஹாட் வீல்ஸ் கார்களிலும் அது ஒன்று.

கூரை தாழ்த்துவதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1:25 அளவில் அசல் காரின் ஓர் அங்குலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பட்டறையில் நான்கு அங்குலம் இறக்குகிறார்கள் என்றால் மாடலில் கண்ணாடியைத் தாங்கும் தூண்களிலிருந்து நான்கு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்துவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். மெர்குரியின் முன் தூண்கள் பின்னோக்கியும், பின் தூண்கள் முன்னோக்கியும் சாய்ந்தவை. கூரையை இறக்கியதும் மேல் தூணின் முனை கீழ்த் தூணோடு சேராது. கூரையின் நீளம் போதாமல் நிற்கும். கூரையைக் குறுக்கே அறுத்து, இடையில் பிளாஸ்டிக் பட்டை வைத்து நீட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, மறுபடியும் பட்டி பார்க்க வேண்டும். அசல் காரில் வெல்டிங் செய்பவருக்கு வரும் அதே சிக்கல் பதினான்கு வயதுப் பையனுக்கும் வந்தது, விடையும் அதுவேதான். இதனால்தான் இதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. உலோக வேலையின் வடிவ அறிவை இது பிளாஸ்டிக்கில் கற்றுக்கொடுத்தது.

பெயின்டும் அப்படியே. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினாலும், அது அசல் காரில் இரண்டரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். கதவின் இடைவெளிக் கோடு அதில் மூழ்கிப்போகும். அதனால் பூசுவதற்கு முன்பே பிளேடின் முதுகால் கோடுகளை ஆழப்படுத்துவார்கள். வெள்ளி நிற அடித்தளத்தின்மேல் ஒளி ஊடுருவும் சிவப்பைப் பல முறை மெலிதாகப் பூசி, காய்ந்த பிறகு பற்பசை போட்டுத் துணியால் மெருகேற்றுவார்கள். ஸ்பார்க் பிளக் வயருக்குத் தையல் நூல் உதவும்.

இதே காலத்தில் ஒட்டும் பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியதும் உண்மை. டெஸ்டர்ஸ் நிறுவனம் 1969இல் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரமான சாரத்தைச் சேர்த்தது, முகர்ந்தால் மூக்கு எரியட்டும் என்று.

லாரிகள்: வேறொரு தர்க்கம்

1960களின் முடிவில் கார் கிட் சந்தை தளர்ந்தபோது ஏஎம்டி லாரிகளுக்குத் திரும்பியது. பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ-925 முதலியவை 1:25 அளவில் வந்தன. இவற்றின் முன்னே ‘மாற்றியமைத்தல்’ என்பதற்குப் பொருளே மாறிவிடுகிறது. அமெரிக்க நெடுந்தூர லாரியை வாங்குபவர் இன்ஜின், கியர்பெட்டி, அச்சு, சேஸிஸ் நீளம், படுக்கை அறை என ஒவ்வொன்றையும் தன் வேலைக்கேற்பத் தேர்ந்து, அதன்படி கட்டச் சொல்வார். தனக்கென்று சொல்லிச் செய்வித்த அந்த லாரியே ஒருவகையில் பல பெட்டிகளிலிருந்து சேர்த்ததுதான். ஆகவே லாரி மாடலில் ஒரு கிட்டின் கேபினை இன்னொன்றின் சேஸிஸில் ஏற்றுவது அசலை விட்டு விலகுவதாகாது. அசல் தொழிலை அப்படியே பின்பற்றுவதாகும். கார் மாடலில் சுதந்திரத்தின் அடையாளமாக இருந்த செயல், லாரி மாடலில் உண்மைக்கு விசுவாசமாக இருப்பதன் அடையாளமாகிவிட்டது.

வேலையின் தன்மையும் வேறு. கார் மாடலின் அழகு பாடியில் குவிந்திருக்கும். லாரியில் சேஸிஸே வெளியே தெரியும். நீளச் சட்டத்தை அறுத்து நீட்டினால் அது கோணாமல் நேராக நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முறுக்கினாலும் பத்துச் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாது. காற்றுக் குழாய்கள், டீசல் தொட்டிகள், வில் பட்டைகள் என்று கண்ணுக்குப் படும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரியாமல் அவற்றை இடம் மாற்ற முடியாது.

1974 முதல் 1976 வரை ஒளிபரப்பான ‘மூவின் ஆன்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஒரு கென்வொர்த்தை ஓட்டினான். ஏஎம்டி அந்தத் தொடரின் பெயரிலேயே பெட்டி வெளியிட்டது. அந்தப் பத்தாண்டில் மூக்கில்லாத, இன்ஜின்மேல் கேபின் அமைந்த லாரிகளும் கிட்டுகளாக நிறைய வந்தன. மொத்த நீளத்துக்குப் பல மாநிலங்கள் வைத்த வரம்புக்குள் நீளமான டிரெய்லரை இழுக்கவே அசல் சாலையில் அந்த வடிவம் பெருகியிருந்தது. 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளில் அந்த மொத்த நீள வரம்பை விலக்கியதும், மூக்கு லாரிகள் மீண்டும் சாலையை நிறைத்தன. மூக்கில்லாத லாரிகளின் கட்டமைப்பை ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு பட்டையாக அறிய விரும்புபவருக்கு அந்தக் கிட்டுகளின் விளக்கத்தாள்கள் நல்ல ஆவணங்கள்.

தொலைந்த டைகள்

ஆண்டு கிட்டுகளின் முறையிலேயே ஓர் அழிவு பொதிந்திருந்தது. காரின் வடிவம் சிறிது மாறும்போது புதிய டை வெட்டாமல் பழைய டையையே செதுக்கி அடுத்த ஆண்டுக் காராக மாற்றுவார்கள். செலவு மிச்சம். ஆனால் அப்படி மாற்றிய பிறகு முந்தைய ஆண்டின் கார் இனி என்றும் வராது. 1960களில் வெளிவந்த பல கார்கள் இவ்வாறே மறைந்தன. கம்பெனிகளும் கைமாறிக்கொண்டிருந்தன. ஏஎம்டி 1978இல் பிரிட்டனின் லெஸ்னியிடம் போய், பின்பு அயோவா மாநிலத்தின் எர்ட்ல் நிறுவனத்திடம் சேர்ந்தது. ரெவெலும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எந்த டை எங்கே இருக்கிறது என்பதே தேடலாயிற்று.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மாடல் செய்பவர்களே. தங்களிடம் எஞ்சிய ஒரு பாடியைச் சிலிக்கோன் ரப்பரில் பதித்து அச்செடுத்து, ரெசின் ஊற்றி நகல் எடுத்துச் சிறிய அளவில் விற்கத் தொடங்கினார்கள். வீட்டுக் கொட்டகையில் தொடங்கிய இந்தத் தொழில், எஃகு டை இல்லாமலே மறைந்த கார்களை மீண்டும் கிடைக்கச் செய்தது. கம்பெனி ஒருபோதும் வெளியிடாத ஸ்டேஷன் வேகன்களையும் நான்கு கதவு கார்களையும்கூட, இருக்கும் பாடிகளை வெட்டி ஒட்டி மூலமாக்கி வார்த்தார்கள். கூரை தாழ்த்தக் கற்ற அதே கைகளின் வேலை இது. 1979இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய ஜிஎஸ்எல் என்ற மாடல் கார்ப் போட்டியும், அதையொட்டி வளர்ந்த மாடல் கார் அருங்காட்சியகமும், இத்தகைய மாடல்களைக் கலைப்பொருளாகச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணத்தை நிலைநாட்டின.

இன்று ஏஎம்டியின் பெயரையும், எம்பிசி என்ற இன்னொரு கிட் நிறுவனத்தின் பெயரையும் வைத்திருக்கும் இண்டியானாவின் ரவுண்ட் 2 நிறுவனம், டை தொலைந்துபோன பழைய கிட்டுகளை அளந்து நகலெடுத்துப் புதிய டை வெட்டி வெளியிடுகிறது. அதற்கு ஒட்டப்படாத, அறுக்கப்படாத, பெயின்ட் படாத ஒரு பழைய பெட்டியே நம்பகமான மூலம். அறுபது ஆண்டுகளுக்கு முன் பையன்கள் ஆசையோடு வெட்டிய லட்சக்கணக்கான பாடிகள் அதற்குப் பயன்படாது. ஆனால் அந்தக் கிட்டைத் திரும்பக் கேட்டு, அதற்குச் சந்தை உண்டு என்று காட்டியவர்கள் அப்படி வெட்டியவர்கள்தான். புதிய பெட்டிகளிலும் மாற்றுச் சக்கரங்களும் பந்தய ஸ்டிக்கர்களும் சேர்ந்தே வருகின்றன.