குருதிக்கசிவும் மூளைத்தமனிச் சுவரும்: விலங்காய்வுகள்

மூளையைப் போர்த்திய சிலந்திவலைப் படலத்தின் அடியில் இரத்தம் கசிந்தால், சில நாள் கழித்து மூளைத்தமனிகள் குறுகுகின்றன. மனிதரில் இதை எக்கரும் ரீமன்ஷ்னைடரும் 1951இல் ஆஞ்சியோகிராம் படங்களில் காட்டினர். தமனிச் சுவரை நாள்வாரியாக வெட்டிப் பார்க்க விலங்குகள்தான் வழி. நாயின் சொந்த இரத்தத்தையே எடுத்துப் பிடரி வழியாக மூளைநீர்த் தேக்கத்தில் ஊசியால் செலுத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் செலுத்தும் முறையை வார்சோஸ் குழுவினர் 1983இல் விவரித்தனர். ஒருமுறை செலுத்தினால் சுருக்கம் லேசாகவே வரும். இருமுறை செலுத்தினால் ஏழாம் நாள் வாக்கில் அடித்தமனி கடுமையாகக் குறுகும். கனடாவில் பிரைஸ் வெயர் குழுவினர் குரங்கின் மண்டையைத் திறந்து, நடுமூளைத்தமனியைச் சுற்றி உறைந்த இரத்தத்தை வைத்தனர். மனித நிலைக்கு மிக நெருங்கியது இதுவே. எலி மலிவு, ஆனால் அதன் தமனி சுருங்கிய வேகத்திலேயே மீண்டுவிடும்.

நுண்ணோக்கியில் தெரிவது ஒரு சிதைவு. உள்மீள்சவ்வு சேலைக் கொசுவம்போல் மடிந்திருக்கும். உட்சுவர் உயிரணுக்கள் உப்பிக் குமிழிகளோடு நிற்கும். நடுப்படலத் தசையணுக்கள் ஆங்காங்கே இறக்கும். புறப்படலத்தில் வெள்ளணுக்கள் குவியும். இதை வைத்து, சுவர் தடித்ததால்தான் குழாய் அடைபட்டது என்றனர் சிலர். அது காரியத்தைக் காரணமாகக் கொள்வது. சுருங்கும் குழாயில் அதே தசை குறைந்த சுற்றளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் சுவர் தடித்தே தோன்றும். தடிமனை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். குரங்குகளில் 1989இல் வெளியான வெயர் குழுவின் ஆய்வும், சுவர் மாற்றங்களுக்குக் குறுகலில் பெரும்பங்கு இல்லை என்றே கண்டது. அப்படியானால் பிந்திய நாட்களில் பப்பாவரின் போன்ற தளர்த்தும் மருந்துகள் ஏன் சரிவரப் பலிப்பதில்லை என்று கேட்கலாம். நீண்ட இறுக்கத்தில் சுவர் விறைத்துவிடுகிறது. ஆயினும் அந்த விறைப்பு இறுக்கத்தின் பின்விளைவு. தூண்டுகோல், இரத்தக்கட்டி கரையும்போது சிவப்பணுக்களிலிருந்து வெளியாகும் ஆக்சிஹீமோகுளோபின். அது தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்துகொள்கிறது, சுருக்கும் எண்டோதீலினைப் பெருக்குகிறது. குரங்கில் 48 மணி நேரத்துக்குள் கட்டியை அகற்றினால் சுருக்கம் பெரிதும் தவிர்க்கப்பட்டது, பிந்தினால் பயனில்லை என்பதும் இதற்குச் சான்று.

எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்டான் என்னும் மருந்து, மனிதரில் தமனிக் குறுகலைக் குறைத்தும் பெரிய சோதனைகளில் நோயாளியின் நிலையை மேம்படுத்தவில்லை. ஆயினும் ஜப்பான் 2022இல் அதை அனுமதித்தது.