முந்திரிப் பருப்பு கடல் கடந்த கதை

பண்டிகைக்கு வாங்கிய முந்திரிப் பருப்பில் ஒரு கைப்பிடி மிஞ்சிக் காகிதப் பொட்டலத்திலேயே கிடந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடைமழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால் அது நமுத்துப் போயிருக்கும். கடித்தால் பட்டென்று உடையாமல் சவுக்கென்றிருக்கும். இன்னும் சில வாரம் போனால் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். பொட்டலத்தின் மூலையில் வண்டும் தென்படும். நம் வீட்டு அடுக்களையில் இது ஒரு கைப்பிடிப் பருப்பின் நட்டத்தோடு முடிந்துவிடும். ஒரு கப்பல் நிறையப் பருப்புக்கு இதே கதி நேர்ந்தால்? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கேரளக் கரையில் எழுந்த கேள்வி இதுதான்.

முந்திரியின் தாயகம் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியாகும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டு வந்தனர். பறங்கியர் கொணர்ந்ததால் மலையாளத்தில் அது பறங்கிமாவு. கப்பலில் வந்ததால் கப்பல்மாவு என்ற பெயரும் உண்டு. நெல்லை, குமரி மாவட்டங்களில் அதன் பழத்தைக் கொல்லாம்பழம் என்பர். மணற்பாங்கான நிலத்திலும் செழித்து வளர்ந்த இம்மரம், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் உலக வாணிபத்தில் இடம்பெறவில்லை. பழத்தைத் தின்றார்கள், கோவாவில் அதிலிருந்து சாராயம் வடித்தார்கள். பருப்பு மட்டும் உள்ளூரைத் தாண்டவில்லை.

தடை இரண்டு. முதலாவது, கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய். அனகார்டிக் அமிலம், கார்டால் முதலிய பொருள்கள் அடங்கிய அது தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். 1920களில் கொல்லத்தில் முந்திரித் தொழிற்சாலைகள் பெருகியபோது, வறுத்த கொட்டையைத் தட்டி உடைத்துப் பருப்பை முழுதாக எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் கைக்கு வந்தது. விளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு உடைத்தார்கள். அப்படியும் விரல்கள் கருத்துப் போயின. பருப்பு உடையாமல் வந்தால்தான் விலை. இன்றும் உலகச் சந்தையில் ‘டபிள்யூ 320’ என்றால், ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை நிற்கும் முழுப் பருப்பு என்று பொருள். ‘டபிள்யூ 180’ அதனினும் பெரியது, விலையும் மிக உயர்ந்தது. இந்தத் தர வரிசையின் பின்னால் நிற்பது அந்தக் கருத்த விரல்களின் திறமையே.

இரண்டாவது தடை கடல். இதைத் தாண்டுவதே கடினமாக இருந்தது. தொடக்கத்தில் பருப்பை மரப்பெட்டிகளில் காகிதம் விரித்து அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கேரளத்தின் புழுக்கத்தில் அடைத்த பெட்டி, செங்கடலின் வெப்பத்தைக் கடந்து, அட்லாண்டிக்கின் குளிரில் நுழைய வேண்டும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் அது 9 கிராமுக்குச் சற்று மேல்தான். எஞ்சிய நீராவி எங்கே போகும்? கப்பலின் குளிர்ந்த இரும்புச் சுவரில் துளித்துளியாகப் படிந்து சரக்கின்மேல் சொட்டும். கப்பல் வியர்க்கிறது என்று மாலுமிகள் சொல்வது இதைத்தான்.

நீரைவிட வண்டுதான் பெரும் பகை. செந்நிற மாவு வண்டு, பருப்பு அந்துப்பூச்சி, இவற்றோடு எண்ணெய்ச் சத்துள்ள வித்துகளையே நாடும் ஒரு சிறு வண்டும் உண்டு. அதன் அறிவியற் பெயரின் பின்பாதி ‘மெர்கேட்டர்’. இலத்தீன் மொழியில் வணிகன் என்று பொருள். சரக்கோடு சரக்காக நாடு நாடாகப் போகும் பூச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது! ஏற்றும்போது கண்ணுக்குத் தெரியாத சில முட்டைகள், பல வாரப் பயணத்தில் பெருகிவிடும். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தவர் வாங்க மறுத்தால், அந்த மறுப்பு கொல்லத்தில் கொட்டை உடைப்பவரின் கூலியில் வந்து விழும்.

இதற்குக் கிடைத்த விடை வியக்கத்தக்க எளிமை உடையது. மண்ணெண்ணெய் டின் போன்ற தகர டின்னில் 25 பவுண்டு பருப்பை அடைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி, அந்த இடத்தில் கரியமில வாயுவை நிரப்பித் துளையை ஈயப்பற்று வைத்து மூடினார்கள். ‘வீட்டா பேக்’ எனப்பட்ட இந்த முறை, அமெரிக்க உணவு நிறுவனம் ஒன்றின் தொடர்போடு 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொல்லத்துக்கு வந்தது. இந்திய முந்திரி உலகச் சந்தையில் காலூன்றியதற்கு வேறு எந்தக் கண்டுபிடிப்பையும்விட இதுவே காரணம் என்பது என் கருத்து.

கரியமில வாயு இங்கே மூன்று வேலை செய்கிறது. பூச்சிகள் உடலின் பக்கங்களிலுள்ள மூச்சுத் துளைகள் வழியே சுவாசிக்கின்றன; உடல் நீர் வீணாகாதபடி அவற்றை அடிக்கடி மூடிக்கொள்ளும். கரியமில வாயு மிகுந்தால் துளைகள் திறந்தபடியே நின்றுவிடும். பூச்சி மூச்சும் முட்டி, நீரும் வற்றிச் சாகும். அடுத்து, ஆக்சிஜன் இல்லாததால் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை ஏற்படுவது தடைப்படும். மூன்றாவதுதான் சுவையான செய்தி. இவ்வாயு கொழுப்பில் கரையக்கூடியது. சில நாட்களில் பருப்பே அதன் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ள, டின்னுக்குள் அழுத்தம் குறைந்து அதன் பக்கங்கள் சற்றே உள்வாங்கும். பருப்பு ஆடாமல் இறுகி நிற்பதால் உடைவதும் குறையும். பக்கம் உள்வாங்கிய டின் என்றால் பற்று ஒழுகவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

ஆனால் ஈரத்தோடு அடைத்த பருப்பை எந்த வாயுவும் காப்பாற்றாது. நெல்லில் 14 விழுக்காடு ஈரம் இருந்தாலும் கெடாது. முந்திரிக்கு 5 விழுக்காடே வரம்பு. ஏன் இந்த வேறுபாடு? எண்ணெய் நீரை ஏற்காது. முந்திரியின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பே. எனவே உள்ள ஈரம் முழுவதும் மீதிப் பாதியில் அடைபட்டிருக்கும். மொத்த ஈரத்தைவிட, நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீரே முக்கியம் என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் தெளிவாக்கினார். சரி, எலும்பாக உலர்த்திவிடலாமே என்றால், மிக உலர்ந்த பருப்பு கை பட்டாலே நொறுங்கும். ஆகவே உலர்த்தித் தோல் நீக்கியபின் சிறிது ஈரத்தை மீண்டும் ஏற்றுவதும் தொழிற்சாலை வழக்கம். இரு பக்கமும் பள்ளமுள்ள ஒற்றையடிப் பாதை இது.

ஈரத்தின் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை உலகம் 1960இல் உணர்ந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தீவனத்தில் சேர்ந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை உண்டாக்கிய நச்சே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். பிஸ்தா, பிரேசில் கொட்டை ஆகியவற்றிலும் அது காணப்பட்டது. 1997 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் பிஸ்தாவின் இறக்குமதியையே நிறுத்தி வைத்து, டிசம்பரில் கடும் நிபந்தனைகளோடு திறந்தது. மரத்திலேயே வாய் பிளக்கும் பிஸ்தாவுக்குப் பூஞ்சை எளிதாக நுழைகிறது. மூடிய ஓடும், காரமான எண்ணெயும் உள்ள முந்திரிக்கு அந்தத் தொல்லை குறைவு. கையைச் சுட்ட அதே எண்ணெய் பருப்புக்குக் கவசம்!

அமெரிக்கச் சந்தைக்குக் கடற்பயணம் மட்டுமே சோதனை. பிற்காலத்தில் பெரும் வாடிக்கையாளராக வளர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்திலோ, சோதனை சரக்கு இறங்கிய பின்னும் தொடர்கிறது. பாலைவனம்தானே, காற்று உலர்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். வளைகுடாவின் கரையில் கோடையில் நிலைமை நேர்மாறு. 2003 ஜூலை 8ஆம் நாள் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பனிநிலை 35 பாகை செல்சியசாகப் பதிவாயிற்று. அதாவது 35 பாகையுள்ள பொருளின் மேலும் அந்தக் காற்றில் நீர் படியும். குளிரூட்டிய கிடங்கிலிருந்து எடுத்த பொட்டலத்தை அத்தகைய காற்றில் உடனே பிரித்தால், பருப்பின் மேல் பனி படிந்துவிடும். மூடியபடியே வெளி வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகுதான் பிரிக்க வேண்டும். சில்லறைக் கடையில் திறந்த தட்டில் குவித்து விற்கும்போது டின்னும் இல்லை, வாயுவும் இல்லை. அங்கே சிறு பொட்டலமே தகுந்தது.

1990களில் தகர டின்னின் இடத்தை, பல படலங்கள் ஒட்டிய நெகிழ்பைகள் பிடிக்கத் தொடங்கின. வெறும் பிளாஸ்டிக் தாள் நீராவியையும் ஆக்சிஜனையும் மெல்ல மெல்லக் கசியவிடும். அதனால்தான் பல படலங்கள். காற்றை நீக்கிக் கரியமில வாயுவோ நைட்ரஜனோ ஏற்றிச் செங்கல் போல் இறுக்கி மூடுகிறார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் மெத்தில் புரோமைடு புகையூட்டலை உலக நாடுகள் கட்டுப்படுத்திய பிறகு, இந்தப் பழைய வாயு முறைக்கு மதிப்பு கூடியது. பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் 2006 வாக்கில் வியட்நாமுக்குப் போய்விட்டது. எனினும் அங்கிருந்து வரும் அட்டைப்பெட்டியிலும் 22.68 கிலோகிராம் என்ற விந்தையான எண்ணைக் காணலாம். அது ஐம்பது பவுண்டு. கொல்லத்துத் தகர டின் இரண்டின் எடை.